நாற்பது நிமிடத்தில் தொடங்கும் கரகரப்பு: ஒலி மிக்ஸரில் குறையா, என் தேர்வில் குறையா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துத் தரும் தொழிலைத் தம்பியோடு சேர்ந்து நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் ஒரே அனலாக் மிக்ஸரை வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள், கடன் வாங்கி 24 சேனல் டிஜிட்டல் மிக்ஸர் ஒன்றும், ஒரே மாடலில் நான்கு பவர்டு ஸ்பீக்கர்களும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப் உள்ளேயே இருப்பவை) புதிதாக வாங்கினார்கள். மூன்றாம் மாதம் ஒரு ஸ்பீக்கர் சத்தமே இல்லாமல் போனது. ஆம்ப் போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து மிக்ஸரில் 9 முதல் 16 வரையிலான சேனல்கள், ஆன் செய்து நாற்பது நிமிடம் போனதும் கரகரக்கத் தொடங்குகின்றன. சில நாள் எட்டும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் மறுபடி நன்றாக ஓடுகிறது. சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை அனுப்பியாயிற்று. முதல் முறை "பழுது எதுவும் தென்படவில்லை" என்று எழுதித் திருப்பினார்கள். இரண்டாம் முறை "உங்கள் இடத்தில் கரண்ட் சரியில்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். இதற்கிடையே இன்னொரு ஸ்பீக்கர், மிக்ஸரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஹம் அடிக்கிறது. வாரன்டி முடிய நான்கு மாதம் இருக்கிறது.

அவருடைய கேள்விகள்: "வந்த லாட்டே மோசமா? இப்போது தயாராகும் எல்லாமே இப்படித்தானா? ஒரு லட்சம் மணி நேரம் என்று ஸ்பீக்கரின் விவரப் பட்டியலில் போட்டிருக்கிறார்களே, அது பொய்யா? தம்பிக்கு சால்டரிங் தெரியும், திறந்து பார்க்கட்டுமா? வழக்குப் போடுவதா, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் பழைய மிக்ஸருக்கே திரும்புவதா? நான் தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று தம்பி சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது."

பதில்: தொழில்முறை ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான்: எட்டும் சேர்ந்தே போகின்றன, நாற்பது நிமிடம் கழித்துப் போகின்றன. இந்த இரண்டு தகவலையும் சர்வீஸ் சென்டருக்கு எழுத்தில் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. "சில நேரம் கரகரக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். மிக்ஸர், செத்துப்போன ஸ்பீக்கர், ஹம் அடிக்கும் ஸ்பீக்கர் ஆகிய மூன்றையும் நீங்கள் ஒரே பழுதாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். அடுத்தடுத்து வந்ததால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. மூன்றையும் சேர்த்து "எல்லாமே மோசம்" என்று புகார் கொடுத்தால், அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடுவார்கள். உங்களிடம் மிக வலுவாக இருப்பது மிக்ஸர் புகார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டு சேனல் சொல்லும் சேதி

ஒரே ஒரு சேனல் கரகரத்திருந்தால் கேபிள், மைக், கேபிளைச் செருகும் அந்த எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) சாக்கெட் என்று தேடச் சொல்லியிருப்பேன். மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிச் செருகியதில், மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் ப்ரீஆம்ப் அடிபட்டிருக்குமோ என்றும் யோசித்திருப்பேன். எட்டு கேபிளும் எட்டு மைக்கும் ஒரே நொடியில் கெடாது. டிஜிட்டல் மிக்ஸர்களில் மைக் உள்ளீடுகளை எட்டெட்டாக ஒரு போர்டில் அமைப்பதும், எட்டு சேனலுக்குப் பொதுவாக, ஒலியை எண்களாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் ஐசி (சிப்) வைப்பதும் பரவலான வழக்கம். அந்த போர்டு, பட்டையான ரிப்பன் கேபிள் ஒன்றின் வழியாக மெயின் போர்டோடு பேசும். ஆகவே 9 முதல் 16 வரை ஒன்றாகப் போகிறது என்றால், அந்த எட்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று அறுந்து அறுந்து ஒட்டுகிறது. அது போர்டுக்குப் போகும் மின்சாரமாக இருக்கலாம், ரிப்பன் கேபிளின் முனையாக இருக்கலாம், கன்வெர்ட்டருக்கு வரும் க்ளாக் (நேரத் துடிப்பு) இணைப்பாகவும் இருக்கலாம்.

நாற்பது நிமிடம் என்பது சூட்டின் அடையாளம். சூடாகும்போது செம்பும் சால்டரும் கண்ணாடியிழை போர்டும் ஒரே அளவில் விரிவதில்லை. சரியாகப் பிடிக்காத சால்டர், அதாவது டிரை சால்டர், குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்து சூடேறியதும் விலகும். பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஒட்டும். இப்படிப்பட்ட போர்டை லென்ஸின் கீழ் சாய்த்து வைத்துப் பார்த்தால், கனெக்டர் பின்னைச் சுற்றி சால்டரில் ஒரு மெல்லிய கருவளையம் தெரியும். விரலால் அழுத்தினால் பின் லேசாக அசையும். ரிப்பன் கேபிளாக இருந்தால் வேறு மாதிரி: பூட்டுப் பட்டையின் ஒரு முனை சரியாக உட்கார்ந்திருக்கும், மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கியிருக்கும். தொழிற்சாலையில் பரிசோதனை நடந்தபோது அதுவும் வேலை செய்திருக்கும். வண்டியில் ஏற்றி இறக்கிய அதிர்வில் சில மாதம் கழித்துத்தான் தொடர்பு விட்டிருக்கும். தயாரிப்புக் குறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். வாங்கிய நாளிலேயே உள்ளே இருந்தது, பிறகுதான் வெளியே வந்தது.

டிரை சால்டர் இப்போது அதிகமாகிவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோது, உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் ஈயமில்லாத சால்டருக்கு மாறின. பழைய ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். இன்று பரவலாகப் பயன்படும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த மாற்றத்தின் முதல் ஆண்டுகளில் தடுமாற்றம் இருந்தது உண்மை. இப்போது தொழில் கைவசப்பட்டுவிட்டது. ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது: ஈய சால்டர் மங்கலாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம், ஈயமில்லாத சால்டர் நன்றாகப் பிடித்திருந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். வெறும் கண்ணால் பார்த்துவிட்டு "போர்டு சுத்தமாக இருக்கிறது" என்று ஒரு டெக்னீஷியன் சொல்வதை வைத்து முடிவுக்கு வர முடியாததற்கு இதுவும் காரணம்.

சர்வீஸ் சென்டர் உங்களை ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. மூடியைக் கழற்றி, காற்றோட்டமான மேசையில் வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பழுது வரவே வராது. பழுது வருவதற்குத் தேவையான சூட்டை அவர்களே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் "கரண்ட் சரியில்லை" என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். கரண்ட்தான் காரணம் என்றால் 1 முதல் 8 வரையும், 17 முதல் 24 வரையும் ஏன் சுத்தமாக ஓடுகின்றன? உள்ளே வரும் மின்சாரம் எல்லாத் தொகுதிக்கும் ஒன்றுதானே? இந்தக் கேள்வியை அப்படியே எழுத்தில் கேளுங்கள். கருவியின் பின்பக்கம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அதையும் படம் எடுத்து இணையுங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒன்றையும் சரிபாருங்கள். மிக்ஸரை அதன் பயணப் பெட்டிக்குள்ளேயே வைத்து இயக்குகிறீர்களா? பெட்டியின் நுரை காற்றுத் துளைகளை மூடியிருந்தால் உள்ளே சூடு கூடுதலாக ஏறும். அதைக் காட்டி வாரன்டியை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். கையேட்டில் எத்தனை டிகிரி வரை இயக்கலாம் என்று போட்டிருப்பார்கள். பெட்டியிலிருந்து எடுத்து, நான்கு பக்கமும் காற்றாட வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் 9 முதல் 16 வரை போனால் அந்தச் சாக்கு அவர்களுக்கு இல்லை.

செத்த ஸ்பீக்கரும் ஒரு லட்சம் மணி நேரமும்

எந்தக் கருவிக் கூட்டத்தை எடுத்தாலும், முதல் சில மாதங்களில் பழுது அதிகம், பிறகு நெடுங்காலம் குறைவு, கடைசியில் தேய்மானத்தால் மறுபடி அதிகம் என்ற போக்கு இருக்கும். மூன்றாம் மாதம் போன ஸ்பீக்கர் இந்த முதல் கட்டத்தில் போனது. போர்டை மாற்றினார்கள், ஓடுகிறது. நான்கில் ஒன்று போனதை வைத்து "லாட்டே மோசம்" என்று சொல்ல முடியாது. நான்கு சீரியல் நம்பரையும் எழுதி வையுங்கள். அவை அடுத்தடுத்த எண்களாக இருந்து, இரண்டாவது ஸ்பீக்கரும் அதே அறிகுறியோடு போனால் அப்போது பேச்சு வேறு.

லாட் முழுவதும் கெட்டுப்போவது நடக்கவே நடக்காது என்றும் சொல்லவில்லை. 2000களின் முற்பகுதியில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களில் அப்படி நடந்தது. உள்ளே இருந்த திரவத்தின் கலவை சரியில்லாமல் வாயு உண்டாகி, தலை உப்பி, கசிந்து, கணினிகளின் மதர்போர்டுகளும் பவர் சப்ளைகளும் ஏராளமாகச் செத்தன. அந்தக் கெபாசிட்டர்கள் மலிவான பெட்டிகளில் மட்டும் இருக்கவில்லை, பெயர் பெற்ற நிறுவனங்களின் கருவிகளிலும் இருந்தன. பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கிறது, எந்த நாட்டில் கூட்டினார்கள் என்பதை வைத்து உள்ளே இருக்கும் பாகத்தை எடைபோட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு லட்சம் மணி நேரம் பொய்யில்லை. ஆனால் நீங்கள் நினைப்பது போல ஒரு ஸ்பீக்கரின் ஆயுளும் இல்லை. எம்டிபிஎஃப் (இரண்டு பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) என்று போடுகிற அந்த எண், நடுக்கட்டத்தில் பழுது எவ்வளவு அடிக்கடி வரும் என்ற சராசரி வீதம். நூறு கருவிகள் தலா ஆயிரம் மணி நேரம் ஓடினால் மொத்தம் ஒரு லட்சம். அதில் ஒரு பழுதை எதிர்பார்க்கலாம் என்று பொருள். உங்கள் நான்கு ஸ்பீக்கர்களும் ஆண்டுக்குத் தலா 500 மணி நேரம் ஓடினால் மொத்தம் 2,000 மணி. அந்த வீதப்படி ஐம்பது ஆண்டுக்கு ஒரு பழுது வர வேண்டும். மூன்றாம் மாதமே வந்துவிட்டதே என்றால், தயாரிப்புக் குறையால் தொடக்கத்தில் வரும் பழுதை அந்த எண் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசிக் கட்டத் தேய்மானத்தையும் சேர்ப்பதில்லை.

ஆயுளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கெபாசிட்டரைப் பாருங்கள். 105 டிகிரியில் 2,000 மணி என்று குறித்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும். 65 டிகிரியில் அது 32,000 மணி. கருவியை 75 டிகிரியில் வேக விட்டால் பாதியாகிவிடும். ஃபேன் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்ப்பது, பட்டியலில் உள்ள எந்த எண்ணையும் விட உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நல்லது.

"கொஞ்ச நாள் ஓட்டுங்கள், செட் ஆகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதுக் கருவியைப் பல மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களுக்குள்ளேயே அது வெளிப்படும் என்பதற்காகச் செய்வது அது. ஓடி ஓடி டிரை சால்டர் குணமாவதில்லை.

ஹம் அடிக்கும் ஸ்பீக்கர்

இதில் மட்டும் நிறுவனத்தின் மேல் இப்போதைக்குக் கோபப்படாதீர்கள். மிக்ஸரோடு இணைத்ததும்தான் ஹம் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர் ஆன் நிலையில் இருக்க, வால்யூமைக் குறைத்துவிட்டு எக்ஸ்எல்ஆர் கேபிளை மட்டும் கழற்றுங்கள். பிறகு வால்யூமைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். ஹம் நின்றுவிட்டால் ஆம்ப் பெரும்பாலும் நலம். மிக்ஸரும் அந்த ஸ்பீக்கரும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுப்பதால் இரண்டு எர்த்துக்கும் இடையே கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடுகிறது. இரண்டையும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒலிக் கேபிளின் நடுவில், ஒலியை மட்டும் கடத்தும் ஒரு ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம். கேபிளைக் கழற்றிய பிறகும் ஹம் தொடர்ந்தால்தான் பவர் சப்ளையில் பழுது என்று புகார் கொடுக்க வேண்டும்.

பவர் கேபிளின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். ஹம் உடனே நின்றுவிடும் என்பதால் இதைச் செய்யச் சொல்லும் அனுபவசாலிகள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். 1972ல் ஸ்டோன் த குரோஸ் என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஹம் ஒரு தொந்தரவு. எர்த் இல்லாத கருவி ஆளைக் கொல்லும். தம்பியிடமும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஒரு ஸ்பீக்கருக்குப் பதில் நான்குமே எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி ஹம் அடித்தால் அது வடிவமைப்புக் குறையாக இருக்கலாம். எக்ஸ்எல்ஆரின் முதல் பின்னைக் கருவியின் உலோக உடலோடு நேராக இணைக்காமல் சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் இணைத்துவிட்டால், ஷீல்டில் ஓடும் கரண்ட் ஒலியில் கலந்துவிடும். 'பின் 1 பிரச்சினை' என்று தொழிலில் சொல்வார்கள். நீல் மன்சி 1995ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் இதை விளக்கி எழுதினார். அந்தச் சங்கமே 2005ல் ஏஇஎஸ்48 என்ற தரநிலையையும் வெளியிட்டது. இந்த வேறுபாடு உங்கள் முடிவுக்கு முக்கியம். தயாரிப்புக் குறை என்றால் மாற்றிக் கொடுக்கும் கருவி நன்றாக இருக்கும். வடிவமைப்புக் குறை என்றால் எத்தனை முறை மாற்றினாலும் அதேதான் வரும். பணத்தைத் திருப்பிக் கேட்பதுதான் வழி.

இப்போது என்ன செய்வது

திறக்க வேண்டாம். தம்பியின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, வாரன்டி முடிந்த கருவியென்றால் நானே ஊக்கப்படுத்துவேன். இப்போது ஒரு பின்னுக்கு அவர் சால்டர் வைத்துவிட்டால், பழுது தொழிற்சாலையுடையதா அவருடையதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சீல் கிழிந்தாலே வாரன்டி போய்விடும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை. அமெரிக்காவில் அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய நிறுவனங்களுக்கு வணிக ஆணையம் 2018ல் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஆனாலும் உங்கள் சான்றை நீங்களே கலைக்கக் கூடாது. தவிர, 230 வோல்ட்டில் ஓடும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அதற்குப் பதில், சான்று சேருங்கள். மிக்ஸரில் உள்ள அமைப்புகளை யுஎஸ்பியில் சேமித்துவிட்டு ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பித்து, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சர்வீஸ் சென்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். பிறகு நிகழ்ச்சி இல்லாத ஒரு நாள், 24 சேனலுக்கும் ஏதாவது சிக்னல் கொடுத்து, கடிகாரம் தெரியும்படி ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டே ஓட்டுங்கள். கரகரப்பு வந்ததும், எந்த சாக்கெட்டின் ஒலி எந்த ஃபேடருக்கு (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திக்கு) போக வேண்டும் என்று அமைக்கும் ரூட்டிங் பக்கத்துக்குப் போய், 9 முதல் 16 வரையுள்ள சாக்கெட்டுகளை 1 முதல் 8 வரையுள்ள ஃபேடர்களுக்கு மாற்றுங்கள். கரகரப்பு சாக்கெட்டோடு சேர்ந்து ஃபேடர் 1-8க்கு வந்துவிட்டால் பழுது உள்ளீட்டு போர்டில், அல்லது அதன் இணைப்பில். வராமல் ஃபேடர் 9-16லேயே நின்றால் பழுது அதற்குப் பிறகு, மெயின் போர்டின் பக்கம். எந்தக் கருவியும் இல்லாமல், மூடியைத் திறக்காமல், பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று இந்த ஒரு சோதனை சொல்லிவிடும். அந்த வீடியோவைப் பார்த்த டெக்னீஷியன் "தென்படவில்லை" என்று எழுத யோசிப்பார்.

அனுப்பும்போது கூடவே இப்படி எழுதுங்கள்: "சீரியல் நம்பர் இன்னது. ஆன் செய்து சுமார் 40 நிமிடம் கழித்து உள்ளீடு 9-16 மட்டும் ஒன்றாகத் தடைப்படுகின்றன. 10 நிமிடம் ஆறினால் சரியாகிறது. ரூட்டிங் மாற்றிச் செய்த சோதனையின் வீடியோ இணைத்துள்ளேன். மூடியைக் கழற்றாமல், எல்லா உள்ளீட்டிலும் ஃபேண்டம் பவரோடு குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்க்கவும். 9-16க்கான போர்டின் சால்டரையும் ரிப்பன் கேபிளையும் பரிசோதித்து, கண்டதையும் மாற்றியதையும் எழுத்தில் தரவும். இதே பழுதுக்காக இது மூன்றாம் முறை." முந்தைய இரண்டு முறைக்கான ஜாப் ஷீட் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி காலத்துக்குள் பதிவான புகார், வாரன்டி முடிந்த பிறகும் உங்களுக்குக் கைகொடுக்கும். வாயால் சொன்னது எதற்கும் உதவாது. "கரண்ட் சரியில்லை" என்று அவர்கள் சொன்னதையும், "இன்ன தேதியில் இன்னவாறு சொன்னீர்கள், எந்த அளவீட்டின் அடிப்படையில்?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிவாக்கிவிடுங்கள்.

உரிமையும் வழக்கும்

சட்ட நுணுக்கத்துக்கு உங்கள் ஊர் வக்கீல்தான் சரியான ஆள். பழுதுபார்ப்பவர் என்ற முறையில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பங்களை மட்டும் சொல்கிறேன். வாரன்டி என்பது தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி. அது தவிர, விற்ற பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சட்டமே விற்பவர் மேல் வைக்கும் பொறுப்பு தனி. பல நாடுகளில் அதற்கு நீங்கள் கேட்க வேண்டியது சர்வீஸ் சென்டரை அல்ல, உங்களுக்கு பில் போட்டுக் கொடுத்தவரை. இன்றுவரை நீங்கள் அவரிடம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று தெரிகிறது. அடுத்த கடிதத்தின் நகல் அவருக்கும் போகட்டும்.

நுகர்வோர் சட்டம் முழுதாக உங்களைக் காக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய விதிப்படி, ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை பொருள் கைமாறியபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பாடு. ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு. தொழிலுக்கு வாங்கியவருக்குப் பாதுகாப்பு குறைவு என்பதே பல நாடுகளின் நிலை, விலக்குகள் இடத்துக்கு இடம் மாறும். யார் பெயரில் பில் இருக்கிறது, கடன் ஒப்பந்தத்தில் கருவியின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். இப்போதே வழக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாம் முறை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அதற்கும் ஒழுங்கான பரிசோதனை நடக்காவிட்டால் அப்போது உங்கள் கையில் கோப்பு தயாராக இருக்கும்.

விற்பது பற்றி: பழுதைச் சொல்லி விற்பதானால் விற்கலாம். மறைத்து விற்றால், இன்று நீங்கள் படும் பாட்டை உங்களைப் போலவே கடன் வாங்கிய இன்னொருவர் தலையில் கட்டுகிறீர்கள். தெரிந்தே மறைத்ததாக அவர் உங்கள் மேல் புகார் கொடுக்கவும் முடியும். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள்.

பழைய மிக்ஸரும் தம்பியின் வருத்தமும்

பழைய மிக்ஸர் இத்தனை ஆண்டு உழைத்தது பற்றி நீங்கள் பெருமையோடு எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளும் கெட்டன. கெபாசிட்டர் கசிந்தது, ஃபேடரின் கார்பன் தடம் தேய்ந்தது, ஸ்பீக்கர் கோனைச் சுற்றியிருந்த நுரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கெட்டவை கழிந்துபோய், தாக்குப்பிடித்தவை மட்டும் நம் கண்முன் நிற்கின்றன. உங்கள் ஆதங்கத்தில் ஒரு பாதி நியாயம்: பழையது கெட்டால் சர்க்யூட் படத்தை விரித்து ஒரு பாகத்தை மாற்றிவிடலாம். இன்று போர்டையே மாற்ற வேண்டும், அந்த போர்டு இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அடுத்த முறை வாங்கும்போது விலையையும் வசதிகளையும் கேட்பதற்கு முன், உதிரி போர்டு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், பழுதுபார்க்கும் நாட்களில் மாற்றுக் கருவி தருவீர்களா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த வரையில் நம்பகத்தன்மை பற்றிக் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்விகள் இவை.

தேர்வு தப்பு என்று நான் நினைக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் தூக்கிக்கொண்டு நிற்கும் ரிப்பன் கேபிளைக் கடையில் நின்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தம்பியை அந்த ரூட்டிங் சோதனைக்கு உட்கார வையுங்கள். பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று அவரே கண்ணால் பார்த்துவிட்டால், யார் தப்பு என்ற பேச்சு உங்கள் இருவருக்கும் இடையே குறையும்.

அதுவரை நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டாம். முக்கியமான குரல்களை 1 முதல் 8 வரையிலும் 17 முதல் 24 வரையிலும் வையுங்கள், 9 முதல் 16 வரை காலியாகவே இருக்கட்டும். பழைய மிக்ஸரை வண்டியில் கூடவே கொண்டு போங்கள், முக்கியமான இரண்டு மைக்குகளை அதற்கு மாற்றத் தேவையான கேபிள்கள் தயாராக இருக்கட்டும். மிக்ஸர் சர்வீஸில் இருக்கும் நாட்களில் முழு வேலையும் அதில்தான் ஓட வேண்டும், ஆகவே அதையும் ஒரு முறை எல்லா சேனலிலும் சோதித்துவிடுங்கள்.

மாற்று மிக்ஸரோ மாற்று போர்டோ வந்தால், நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகும் முன் அதே சோதனையை மூன்று நான்கு மணி நேரம் நடத்துங்கள், வீடியோவோடு. பழைய போர்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஐசிகளின் மேல் இருக்கும் நான்கு இலக்க எண் பெரும்பாலும் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும், 2214 என்றால் 2022ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். புதியதிலும் அதே எட்டு சேனல் அதே நேரத்தில் அடங்கினால், அது ஒரு கருவியின் சால்டர் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. லாட்டில் அல்லது வடிவமைப்பில் கோளாறு என்று அப்போது துணிந்து சொல்லலாம். மூன்றாவது மிக்ஸரை ஏற்றுக்கொள்ளாமல், இரண்டு வீடியோவையும் இணைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி விற்றவருக்கு எழுதுங்கள்.